பிளைவுட் சாத்தான்: காஸ்பல் இசைத்தட்டு அட்டைகளில் நல்லதும் மோசமானதும்

சில வருடங்களுக்கு முன் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தொகுப்பை அனுப்பினான். உலகிலேயே மோசமான இசைத்தட்டு அட்டைகளாம். பாதிக்கு மேல் அமெரிக்க கிறிஸ்தவப் பாடல் தட்டுகள், அதாவது காஸ்பல். தேன்கூடு மாதிரி உயர்த்திக் கட்டிய கொண்டையோடு மூன்று பெண்கள். கல்லறைகளுக்கு நடுவே ஒரு பிரசங்கியார். கராத்தே உடையில் இன்னொருவர். விழுந்து விழுந்து சிரித்தேன். அதில் ஒரே மாதிரி உடுத்திய மூன்று பெண்களின் அட்டை ஒன்று இருந்தது. "கண்ணாடி பாத்துட்டுத்தான் வந்தாங்களா இவங்க?" என்று எழுதி மூன்று குழுக்களுக்குத் தட்டிவிட்டேன்.

அன்றிரவு அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குழுவின் பெயரைப் படித்தேன். தி பிரெய்லெட்ஸ். பெயரிலேயே பிரெய்ல் இருக்கிறது. மூவரும் பார்வையற்றவர்கள். தட்டின் பெயருக்கு, எங்கள் இதயங்கள் பாடிக்கொண்டே இருக்கின்றன என்று பொருள்.

அனுப்பியதை அழித்தேன். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்து முடித்திருந்தார்கள். அந்த அட்டைகளை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இந்தக் கட்டுரையும் ஒரு தரவரிசைதான். ஆனால் யாரைப் பார்த்து, எதற்காகச் சிரிக்கிறோம் என்று கேட்டுவிட்டுப் போடும் தரவரிசை.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஆரம்பகால இசைத்தட்டுகளுக்கு முகமே கிடையாது. பழுப்புக் காகித உறை, நடுவில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போலச் சேர்த்துத் தைத்து விற்றதால்தான் 'ஆல்பம்' என்ற பெயரே வந்தது. 1940 வாக்கில் கொலம்பியா நிறுவனத்தின் இளம் ஓவியர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், அட்டையில் படம் போட்டால் என்ன என்று கேட்டார். போட்டார்கள், விற்பனை கூடியது. 1948-இல் அதே நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு சின்னச் சுவரொட்டி வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

காஸ்பல் அதற்குள் வளர்ந்திருந்தது. புளூஸ் பியானோக்காரராக இருந்த தாமஸ் டார்சி 1930-களில் சிகாகோவின் கறுப்பினத் தேவாலயங்களுக்குள் அந்தத் தாளத்தைக் கொண்டுவந்தார். முதலில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்; பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்களின் குடும்பக் குழுக்களும் நால்வர் குழுக்களும் தங்களுக்கென ஒரு காஸ்பல் மரபை வைத்திருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் எல்.பி. வந்தது. பெரிய பெயர்களுக்கு நிறுவனங்கள் இருந்தன. மற்றவர்கள்?

மற்றவர்கள் கைக்காசு போட்டார்கள். பணம் கட்டினால் சில நூறு தட்டுகள் அச்சடித்துத் தரும் கம்பெனிகள் அமெரிக்கா முழுக்க இருந்தன. அட்டைக்குத் தனியாக ஓவியர் வைக்கக் காசு இல்லையென்றால் கம்பெனியிடமே தயார்ப் படங்கள் இருக்கும். மலை, சூரிய அஸ்தமனம், ஆற்றங்கரைக் கோயில் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் இருப்பதில் நல்ல உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளூர் ஸ்டூடியோவில் நிற்க வேண்டியதுதான். தட்டு கடைக்குப் போகாது. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டு விற்பார்கள். வாங்குகிறவருக்குப் பாடுகிறவரைத் தெரியும். அட்டை யாரையும் வசீகரிக்க வேண்டியதில்லை. "நாங்கதான் பாடினோம்" என்று சொன்னால் போதும்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த 'மோசமான' பட்டியலைத் திரும்பப் பாருங்கள். தேன்கூட்டுக் கொண்டைப் பெண்களின் பெயர் தி ஃபெய்த் டோன்ஸ். தட்டின் பெயர் ஜீசஸ் யூஸ் மீ. இயேசுவே, என்னை உம் பணிக்குப் பயன்படுத்தும் என்பது சபையில் தினமும் வேண்டுகிற வேண்டுதல். அதற்கு வேறு அர்த்தம் கற்பித்துச் சிரிப்பது பிற்காலத்து ஆட்கள், அதாவது நாம். அந்தக் கொண்டை அன்றைய ஃபேஷன். நம் அம்மாக்களின் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் நமக்கும் இதே கதிதான்.

கல்லறைப் பிரசங்கியார் ஃப்ரெடி கேஜ். என் நண்பர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்பது தட்டின் பெயர். படத்தோடு சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவர் டெக்சாஸின் ஹூஸ்டனில் கும்பல் சண்டையிலும் போதையிலும் இளமையைக் கழித்து, மனம் திரும்பி, பிறகு போதையில் கிடந்த இளைஞர்களிடையே ஊழியம் செய்தவர். அந்தத் தலைப்பு அவர் வந்த தெருவின் கணக்கு. என் பட்டியலில் இந்த மூன்று அட்டைகளுக்கும் 'மோசம்' என்ற முத்திரை கிடையாது. எளியவை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்படியானால் சிறந்தது எது? என் முதல் இடம் பலரும் மோசமானவற்றில் சேர்க்கிற ஒன்றுக்குத்தான். லூவின் பிரதர்ஸின் 'சேட்டன் இஸ் ரியல்', 1959. வெள்ளை சூட் போட்ட இரண்டு அண்ணன் தம்பிகள் கைகளை விரித்து நிற்கிறார்கள். சுற்றிலும் தீ. பின்னால் பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு சிவப்புச் சாத்தான், நம் ஊர்த் திருவிழா கட்-அவுட் மாதிரி. செய்தவர் அண்ணன் ஐரா லூவின். பிளைவுட் பலகையில் வெட்டி வண்ணம் அடித்தார். ஒரு கல்குவாரியில் நிறுத்தி, பழைய டயர்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கொளுத்தினார்கள். மழை தூற ஆரம்பித்ததையும், சூடேறிய பாறைகள் வெடித்துச் சிதறியதையும் தம்பி சார்லி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம்.

அட்டை அபத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐராவின் வாழ்க்கையைப் படித்தால் அந்த அபத்தம் வேறு மாதிரி தெரிகிறது. பாவத்தைப் பற்றிப் பாடிய அவர் பெருங்குடிகாரர், முரடர். குடித்த வெறியில் மாண்டலின்களை உடைத்திருக்கிறார். மனைவியின் கழுத்தை நெரிக்கப் போய் அவர் கையாலேயே சுடப்பட்டு உயிர் தப்பினார். 1963-இல் தம்பி பிரிந்துபோனார். 1965-இல் சாலை விபத்தில் ஐரா இறந்தார். மோதிய வண்டியை ஓட்டியவர் குடிபோதையில் இருந்தார். சாத்தான் நிஜம் என்று சொன்ன மனிதருக்கு அது வெறும் தலைப்பில்லை. தனக்குத் தெரிந்த ஒருவனைத்தான் பலகையில் வெட்டி நிறுத்தியிருக்கிறார். கை திருந்தவில்லை, ஆனால் பொய் இல்லை.

இரண்டாவது இடம் ஓர் அட்டைக்கு அல்ல, ஒரு கைக்கு. நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இயங்கிய சவாய் நிறுவனம் 1960-களில் கறுப்பின காஸ்பல் தட்டுகளை வரிசையாக வெளியிட்டது. அவற்றில் பலவற்றுக்கு ஓவியத்தில் அட்டை. மூலையில் ஹார்வி என்று ஒற்றைப் பெயரில் கையெழுத்து. கனவில் வருவதுபோன்ற நிலங்களும் வானங்களும். இன்று அந்தக் கையெழுத்துக்காகவே தட்டு தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மலிவு விலைத் தட்டுக்கு இவ்வளவு கற்பனை வேண்டுமா என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களோ, தெரியாது. அவர் வரைந்துகொண்டே இருந்தார்.

மூன்றாவது, அரீத்தா ஃபிராங்ளினின் 'அமேசிங் கிரேஸ்', 1972. அந்த ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடிப் பதிவு செய்தது. கட்டடம் முன்பு சினிமாக் கொட்டகையாக இருந்தது. இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அட்டையில் பாடகர் குழுவின் அங்கி இல்லை, சிலுவை இல்லை, கோபுரம் இல்லை. ஆப்பிரிக்க உடையும் தலைக்கட்டுமாகப் படிகளில் உட்கார்ந்திருக்கிறார். உலகப் பாட்டுப் பாடப் போய்விட்டாள் என்று சபையார் சிலர் பேசிய காலம் அது. அவள் சபையை விட்டுப் போகவே இல்லை என்று போதகரான அப்பாவே அந்த மேடையில் வந்து சொன்னார். அட்டையும் அதையே வேறு விதமாகச் சொல்கிறது: வந்திருக்கிறேன், ஆனால் நானாகத்தான் வந்திருக்கிறேன்.

இனி மோசமானது. அதற்கு பாப் டிலானிடம் போக வேண்டும். கிறிஸ்தவரானதும் 1979-இல் அவர் வெளியிட்ட 'ஸ்லோ டிரெயின் கமிங்' அட்டை அருமையான கோட்டோவியம். தண்டவாளம் போடுகிறவன் ஓங்கிய குந்தாலி சிலுவையாகத் தெரிகிறது. சொல்லாமல் சொல்லும் அட்டை. அடுத்த வருடம் 'சேவ்ட்'. மேலிருந்து இரத்தம் தோய்ந்த ஒரு பெரிய கை இறங்குகிறது, கீழே பல கைகள் ஏந்துகின்றன. கத்திச் சொல்லும் அட்டை. அதைக்கூட நான் மோசம் என்று சொல்லமாட்டேன், நம்பியதைத்தான் வரைந்திருக்கிறார்கள். சில வருடம் கழித்து அதை எடுத்துவிட்டு, டிலான் மேடையில் பாடும் படத்தைப் போட்டார்கள். பார்க்க நாகரிகமாக இருக்கிறது, யாரும் கேலி செய்ய முடியாது. உள்ளே முழுக்க முழுக்க மன்றாட்டு, வெளியே ஒரு ராக் கச்சேரி. எந்த 'மோசமான' பட்டியலிலும் இந்த அட்டை வராது. என் பட்டியலில் கடைசி இடம் இதற்குத்தான். பணமும் ஓவியர்களும் இருந்தும் வெட்கப்பட்டு முகத்தை மறைத்துக்கொண்ட அட்டை.

வெட்கம் எனக்கும் தெரியும். தொண்ணூறுகளில் அப்பாவின் சபைப் பாடகர் குழு ஒரு கேசட் போட்டது. ஸ்டூடியோவில் அருவி வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் ஆறு பேர். அப்பாவுக்கு டை கோணல். பக்கத்தில் நிற்கும் அத்தைக்கு ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் மூடிக்கொண்டது. பள்ளி நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அந்தக் கேசட்டை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுவேன்.

போன மாதம் அப்பாவிடம் கேட்டேன், ஏன் இன்னொரு படம் எடுக்கவில்லை என்று.

"இன்னொன்னு எடுத்தா தனிக் காசு கேட்டான். ஒங்க அத்தைதான் வேணாம்னா. 'கண்ணு மூடியிருந்தா என்னண்ணே, ஆண்டவருக்கு என்னயத் தெரியாதா'ன்னா."