நாடகத்துக்குப் பாடம் தந்தவர்: சங்கரதாஸ் சுவாமிகள்

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய பெருமைக்குச் சான்றாக நாடகங்களின் எண்ணிக்கையையும், ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தியையும் சொல்வது வழக்கம். எண்ணிக்கையும் வேகமும் வியப்புக்குரியவைதான். ஆனால் வரலாற்று மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. அவருக்கு முந்தைய தொழில்முறை மேடையில் பாட்டு ஓரளவு வரையறுக்கப்பட்டிருந்தது. வசனமோ நடிகரின் திறமைக்கும் அன்றைய மனநிலைக்கும் விடப்பட்டிருந்தது. இராவணனாகவும் இரணியனாகவும் தாமே மேடையேறிய சுவாமிகள் இந்த நிலையை உள்ளிருந்து அறிந்தவர். பாட்டும் வசனமும் பிணைந்த முழுப் பாடத்தை எழுதி, அதற்கு நடிகரைக் கட்டுப்படுத்தியதே அவருடைய முதன்மையான சாதனை என்பது என் கருத்து.

கட்டுப்படுத்துவதற்கு அவர் கண்ட கருவி பாலர் சபை. புகழ்பெற்ற நடிகர்கள் தம் விருப்பம்போல் பேசுவார்கள், நினைத்தபோது கம்பெனி மாறுவார்கள். சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடி மனப்பாடம் செய்தார்கள். அவர் மதுரையில் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், பின்னாளில் புகழ்பெற்ற நாடக நடிகர்களான டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தது இந்தப் பயிற்சிக்குத்தான். ‘அபிமன்யு சுந்தரி’ பற்றிய செய்தியையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும்: எழுதி முடித்த பிரதியை அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழகிய நடிகர் கூட்டம் இருந்தால்தான் அந்த வேகத்துக்கே பயனுண்டு. இந்த ஒழுங்குக்குப் பிள்ளைகள் கொடுத்த விலையை மறைக்கக் கூடாது. பள்ளிப் படிப்பை இழந்தார்கள். பருவத்தில் குரல் மாறி, மகரக்கட்டு உடைந்ததும் பலருக்கு வேடமே இல்லாமல் போனது.

புராணக் கதையையும் பாட்டையும் விடாத ஒருவரை மாற்றத்தின் முன்னோடி என்று சொல்லலாமா என்பது நியாயமான கேள்வி. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் உரைநடை நாடகத்தை வளர்த்ததை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் அது படித்த நகரத்தார், பிழைப்புக்கு வேறு தொழில் உள்ளவர்கள், விருப்பத்தால் நடித்த மேடை. நாடகத்தையே நம்பி வாழ்ந்தவர்களிடம் எழுத்துப் பாடத்தின் அதிகாரத்தைக் கொண்டுசென்றவர் சுவாமிகள். வெண்பாவையும் சந்த விருத்தத்தையும் சாதாரணப் பார்வையாளர் செவிக்குப் பழக்கியதும் அந்தப் பாடந்தான். கதை பழையது என்பதால் செயலும் பழையதாகிவிடாது.

இன்னும் வலுவான மறுப்பு ஸ்பெஷல் நாடகத்திலிருந்து வருகிறது. மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் நடக்கும் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ மேடையில் நடிகர்கள் வசனத்தை நீட்டுகிறார்கள், நாட்டு நடப்பை நுழைக்கிறார்கள், தர்க்கத்தை விடியும்வரை இழுக்கிறார்கள். அப்படியானால் பாடத்தை நிலைநிறுத்தும் முயற்சி தோற்றதா? இல்லை. ராஜபார்ட் (நாயக வேடக்காரர்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (நாயகி வேடக்காரர்) வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தமாகி வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே நடிப்பதுதான் ஸ்பெஷல் நாடகம். காட்சி வரிசையும் பாட்டும் தர்க்கத்தின் போக்கும் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்திராவிட்டால் அது நடக்கவே முடியாது. நடிகர் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும், எதிரே நிற்பவர் அடுத்த பாட்டை எடுத்ததும் ஆர்மோனியக்காரர் உட்பட அனைவரும் சுவாமிகளின் வரிசைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.