பன்னிறம் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகள்: அமைவு, பிறப்பு, மதிப்பு

1. ஆய்வுப்பொருள்

ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் கொண்ட பொருளை வருணிக்க ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். பைட், மாட்லி, டாப்பிள்ட், பிரிண்டில்ட், வேரிகேட்டட், இரிடெசென்ட், கலைடாஸ்கோப்பிக் என்று பட்டியல் நீள்கிறது. இவை அனைத்தையும் 'பல வண்ணமான', 'வண்ணமயமான' என்னும் இரண்டு தொடர்களுக்குள் அடக்கிவிடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்புகளில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தால் நாம் இழப்பது அதிகம்.

கருப்பும் வெள்ளையும் பெரிய திட்டுகளாகக் கிடக்கும் குதிரைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல். அதே இரு நிறங்கள் மயிரோடு மயிராக விரவியிருந்தால் வேறொரு சொல். நிறங்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது அவற்றின் அமைவு. எனவே ஒவ்வொரு சொல்லிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நிறங்கள் எப்படி அமைந்திருக்கின்றன? எந்தப் பொருளைப் பார்த்து இச்சொல் பிறந்தது? சொல்பவர் பாராட்டுகிறாரா, இகழ்கிறாரா? பிறந்த இடத்தை அடிப்படையாக வைத்து இச்சொற்களை நான்கு வகையாகப் பிரித்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. உயிரினங்களிலிருந்து பிறந்தவை

2.1 திட்டு

'பைட்' என்பதன் வேர் மேக்பை என்னும் ஐரோப்பியப் பறவை. கருப்பும் வெள்ளையுமான அதன் உடலே சொல்லின் முதற்பொருள். நம் குளக்கரைகளில் காணும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் ஆங்கிலப் பெயரிலும் இச்சொல் உண்டு. பிறகு அதன் பொருள் விரிந்தது. ஹாமலின் நகரத்து எலிகளைக் குழலூதி அழைத்துச் சென்ற 'பைட் பைப்பர்' கதையை ராபர்ட் பிரௌனிங் 1842இல் கவிதையாக வெளியிட்டார். அதில் குழலூதியின் அங்கி பாதி மஞ்சள், பாதி சிவப்பு. கருப்பு வெள்ளை போய்விட்டாலும், பிரிந்து தெரியும் பெருந்திட்டு என்ற அமைவு மாறவில்லை.

குதிரை வளர்ப்போர் இதை இன்னும் நுணுக்கினார்கள். கருப்பு, வெள்ளைத் திட்டுகள் கொண்ட குதிரை 'பைபால்ட்'. வெள்ளையோடு கருப்பல்லாத வேறு நிறம் சேர்ந்தால் 'ஸ்க்யூபால்ட்'. இவற்றில் வரும் 'பால்ட்' இன்று வழுக்கையைக் குறித்தாலும், பழைய வழக்கில் வெள்ளைத் திட்டையும் குறித்தது.

2.2 புள்ளி, கீற்று, விரவல்

சாம்பல்நிறக் குதிரையின் மேல் வட்டம் வட்டமாக வெளிறித் தெரியும் புள்ளிகள் 'டாப்பிள்ட்'. மரநிழலில் சிதறிக் கிடக்கும் வெயிலுக்கும் அதே சொல். பழுப்பு மாட்டின் மேலோ நாயின் மேலோ கருங்கீற்றுகள் ஓடினால் 'பிரிண்டில்ட்'. வெண்மயிர் உடலெங்கும் சீராகக் கலந்திருந்தால் 'ரோன்'. சந்தையில் ஒரு விலங்கை இன்னதென்று சுட்டவும், களவு போனதை அடையாளம் காட்டவும் இத்தகைய துல்லியம் வேண்டியிருந்தது. இவை தொழிலின் தேவையிலிருந்து வந்த சொற்கள்.

தொழிற்சொற்களுக்குள் இருந்த அழகைக் கண்டவர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ். அவர் 1877இல் வேல்ஸில் எழுதிய 'பைட் பியூட்டி' 1918இல்தான் நூலில் அச்சானது. ஒரே நிறமாக இல்லாதவற்றுக்கெல்லாம் இறைவனைப் போற்றும் அக்கவிதை, மாட்டுத்தோலின் சொல்லையும் மீன்தோலின் புள்ளியையும் வழிபாட்டு மொழியாக உயர்த்தியது.

2.3 இலை

'வேரிகேட்டட்' தாவரவியலுக்கு உரியது. இலையின் சில பகுதிகளில் பச்சையம் இல்லாமல் போகும்போது அங்கே வெண்மையோ மஞ்சளோ தெரிகிறது. வீட்டு மணிபிளான்ட் இலையிலும் இதைக் காணலாம். ஒரே பரப்பில் ஒழுங்கற்றுப் பரவிய நிறவேறுபாடு என்பதே இச்சொல்லின் உட்பொருள்.

3. துணியிலிருந்து பிறந்தவை

3.1 மாட்லி

பல நிற நூல்களைக் கலந்து நெய்த துணியே முதலில் 'மாட்லி'. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'கேன்டர்பரி டேல்ஸ்' நூலில் வணிகர் ஒருவர் இந்த உடையில் வருகிறார். அங்கே அது மதிப்புள்ள உடை. ஷேக்ஸ்பியர் காலத்துக்குள் அது அரசவைக் கோமாளியின் சீருடைப் பெயராகிவிட்டது. இன்று 'மாட்லி' என்றால் ஒன்றுக்கொன்று ஒட்டாத கதம்பக் கூட்டம்.

3.2 டாபி, காலிகோ

பாக்தாத் நகரின் அத்தாபிய்யா பகுதியில் நெய்த பட்டின் பெயர், பிரெஞ்சு வழியாக 'டாபி' என்று ஆங்கிலத்துக்கு வந்து, வரிப்பூனையின் பெயராக நிலைத்தது. கோழிக்கோட்டின் ஐரோப்பியப் பெயரான காலிகட்டிலிருந்து பருத்தித் துணிக்கு 'காலிகோ' என்ற பெயர் வந்தது. பிரிட்டனில் இன்றும் இது சாயமேற்றாத வெறும் பருத்தித் துணி. அமெரிக்காவிலோ பூ அச்சிட்ட துணியைக் குறித்து, பிறகு வெள்ளை, கருப்பு, செம்மஞ்சள் திட்டுகள் கொண்ட பூனைக்கும் பெயரானது.

அப்பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பாலூட்டியின் ஒவ்வொரு உடற்செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று செயலிழக்கும் என்று மரபியலாளர் மேரி லயன் 1961இல் முன்வைத்த கருத்து, கருப்பு, செம்மஞ்சள் திட்டுகள் உருவாகும் விதத்தை விளக்குகிறது.

3.3 சின்ட்ஸ்

'புள்ளியிட்ட' என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது 'சின்ட்ஸ்'. சோழமண்டலக் கரையின் கைவினைஞர்கள் படிகாரம் போன்ற நிறங்காப்பிகளைத் தீட்டி, சாயவேரின் சிவப்பை ஏற்றி உருவாக்கிய இத்துணியின் நிறம் துவைத்தாலும் போகாது. ஐரோப்பா அதற்கு மயங்கியது. பிழைப்பு கெடுமென்று அஞ்சிய லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள், 1719இல் சின்ட்ஸ் போன்ற அச்சிட்ட காலிகோ உடுத்திய பெண்களைத் தெருவில் தாக்கினார்கள். அச்சிட்ட காலிகோக்களின் இறக்குமதியை 1700ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. அவற்றை உடுத்துவதையே 1721ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு தடை செய்தது.

4. ஒளியிலிருந்து பிறந்தவை

மேற்கண்ட சொற்கள் நிலையான நிறத்தைப் பற்றியவை. 'இரிடெசென்ட்' அசையும் நிறத்தைப் பற்றியது. கிரேக்கரின் வானவில் தேவதை ஐரிஸின் பெயரிலிருந்து அமைத்த இச்சொல், பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறும் நிறத்தைக் குறிக்கிறது. மயிற்பீலியை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ராபர்ட் ஹூக், நீர்பட்டால் அந்நிறம் மறைவதை 1665இல் வெளியான 'மைக்ரோகிராஃபியா' நூலில் பதிந்தார். பீலியில் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது. கருநிற மெலனின் தண்டுகளின் நுண்ணிய அடுக்கில் ஒளி பட்டுத் திரும்பும்போது நிறம் உண்டாகிறது.

ஓபல் கல்லிலிருந்து வந்த 'ஓபலெசென்ட்', பால்போன்ற மங்கலுக்குள் மிதக்கும் நிறங்களுக்கானது. அக்கல்லுக்குள் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதை ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினர். சோப்புக் குமிழிக்கு முதற்சொல் பொருந்தும், இரண்டாவது பொருந்தாது.

5. கருவியிலிருந்து பிறந்தவை

டேவிட் ப்ரூஸ்டர் 1817இல் காப்புரிமை பெற்ற கலைடாஸ்கோப், ஓயாமல் மாறும் சமச்சீர் நிறக்கோலத்துக்கு ஒரு பெயரடை தந்தது. 1915இல் தொடங்கிய டெக்னிகலர் நிறுவனத்தின் பெயர், திரைப்படச் செறிவுள்ள நிறங்களுக்கு அடைமொழியாயிற்று. 'சைகெடெலிக்' என்பது மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் 1956இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் ஆக்கிய சொல். மனத்தை வெளிப்படுத்தும் மருந்துகளுக்கு வைத்த அப்பெயர், 1960களின் சுவரொட்டிகளால் சுழன்று மோதும் கடும்நிறங்களுக்கு உரியதாயிற்று.

6. மதிப்பீடு

பன்னிறச் சொற்கள் பலவற்றில் பாராட்டோ இகழ்ச்சியோ ஒட்டியிருக்கிறது. 'விவிட்' உயிர்ப்பைப் புகழ்கிறது. 'கார்டி', 'கேரிஷ்' இரண்டும் பகட்டைப் பழிக்கின்றன. இந்தத் தீர்ப்பைக் கண் மட்டும் வழங்குவதில்லை. நிறம் யாருக்குக் கிடைக்கிறது என்பதும் வழங்குகிறது. சின்ட்ஸ் அரிதாக இருந்தவரை செல்வர் வீட்டுத் திரையாக இருந்தது. எந்திரத்தில் அச்சான மலிவுப் போலிகள் பெருகிய பின் 'சின்ட்ஸி' என்பது தரமற்றது, அற்பமானது என்று பொருள்பட்டது. சோழமண்டலக் கைத்திறனின் பெயர் வசையானதற்குக் காரணம் அத்துணியின் குறையல்ல. போலிகளின் மலிவும், எளியோர் உடுத்துவதை இளக்காரமாகப் பார்க்கும் மனப்பான்மையும் ஆகும்.

7. முடிவு

அமைவு, பிறப்பு, மதிப்பு என்னும் மூன்றையும் சேர்த்தே ஒரு பன்னிறச் சொல்லின் பொருளை அறிய முடியும். இருமொழி அகராதிகள் இம்மூன்றையும் சுட்ட வேண்டும். தமிழில் இதற்கு வளம் இருக்கிறது. 'பைட்' வருமிடத்தில் 'திட்டுத்திட்டான' என்றும், 'பிரிண்டில்ட்' வருமிடத்தில் 'கருங்கீற்றோடிய' என்றும், 'இரிடெசென்ட்' வருமிடத்தில் 'மயிற்பீலிபோல் நிறம் மாறும்' என்றும் எழுதலாம். 'கேரிஷ்' வரும்போது 'கண்ணைப் பறிக்கும்' என்று எழுதினால் புகழ்ச்சியாகிவிடும். 'கண்ணை உறுத்தும்' என்பதே சரி. இந்தக் கவனம் இருந்தால் குதிரைக்காரரும் நெசவாளரும் உற்றுப் பார்த்து வைத்த பெயர்களின் நுட்பம் தமிழ் வாசகருக்கும் கிடைக்கும்.