அலரியும் டிஜிட்டாலிசும்

பாண்டிருப்பு, கல்முனை முதலிய கீழ்க்கரை ஊர்களின் வேலியோரங்களில் மஞ்சள் அலரி பூத்து நிற்பதைக் காணாதார் இலர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரத்தின் விதை நஞ்சென்பதைச் சிறுவரும் அறிவர். அந்நஞ்சும், தளர்ந்த இதயத்துக்கு மருத்துவர் தரும் டிஜொக்சின் மாத்திரையும் ஒரே குலத்துப் பொருள்கள் என்பதே பலர் அறியாதது.

அம்மருந்தின் கதை இங்கிலாந்தில் தொடங்குகின்றது. உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ரொப்ஷயரைச் சேர்ந்த கிழவி ஒருத்தி மறைவாகக் கொடுத்துவந்த குடிநீரைப் பற்றி, 1775ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. (பிற்காலத்து மருந்து விளம்பரமொன்று அக்கிழவிக்குப் பெயரும் சூட்டிற்று, அது வெறுங் கற்பனை.) இருபது வகை மூலிகைகள் சேர்ந்த அக்குடிநீரில் பயன் தருவது டிஜிட்டாலிஸ் என்னும் செடியே என அவர் தேர்ந்தார். பத்தாண்டு ஆராய்ந்து 1785இல் நூல் வெளியிட்டார். வெற்றிகளோடு தோல்விகளையும் மறையாது எழுதியமையே அந்நூலின் பெருமை. அளவு மிஞ்சினால் வாந்தியும் தலைச்சுற்றும் உண்டாகும். கண்ட பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும். நாடி நிமிடத்துக்கு 35 வரை தாழும். உயிரும் போகும் என்றார். சிறுநீர், வயிறு, நாடி, குடல் என்னும் நான்கில் எதிலேனும் மருந்தின் செயல் தென்பட்டவுடனே நிறுத்துக என்பது அவர் விதி. பின்வந்தோர் பலர் அவ்விதியை மறந்தனர்.

1930இல் சிட்னி ஸ்மித் டிஜொக்சினைத் தனியே பிரித்தெடுத்தபின் அளவு திட்டமாயிற்று, ஆபத்து நீங்கவில்லை. முற்றிய இதய நோயில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகின்றது. டிஜொக்சினை வெளியேற்றுவதோ பெரும்பாலும் சிறுநீரகமே. ஆகவே நேற்றுப் பொருந்திய அளவு இன்று மிகையாகிவிடும். வீக்கம் வடியக் கொடுக்கும் மருந்துகள் பல இரத்தத்திலுள்ள பொற்றாசியத்தைக் குறைத்து, இதயத்தை அந்நஞ்சுக்கு மேலும் எளிதில் ஆளாக்குகின்றன. பசியின்மையும் குமட்டலும் நோயின் குறிகளாகவும் இருத்தலால், மருந்தின் தீங்கு நோயின் முதிர்ச்சியெனக் கருதப்படுவதும் உண்டு. 1997இல் வெளிவந்த, 6800 நோயாளரைக் கொண்ட ஆய்வில், டிஜொக்சினால் இதய நோய் முற்றி மருத்துவமனை சேர்வது குறைந்தது, இறப்புக் குறையவில்லை.

செம்மறியாட்டின் குருதியிலிருந்து ஆக்கப்படும் முறிமருந்து 1976இல் மனிதரிடம் பயன்பட்ட செய்தி வெளியாயிற்று. அலரி நஞ்சுக்கும் அது உதவுமென்பதைக் கொழும்பில் நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் நிறுவிற்று. ஆனால் விலை மிகுதி. இருப்புத் தீர்ந்து அது கிடைக்காமற்போனபின், இலங்கையில் அலரி நஞ்சுண்டோரின் இறப்பு விகிதம் மீண்டும் உயர்ந்தது.