சோழிக் கணக்கும் யுக்தியும்

கணக்கிலே விடை ஒன்று, காரணம் வேறொன்று. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பேரேடு எழுதிப் பழகிய எனக்கு இது ஏட்டுப் படிப்பால் வந்த அறிவல்ல. செயற்கை நுண்ணறிவு வந்தபின் கணினியியல் ஆராய்ச்சி என்னாகும் என்று நம்ம பிள்ளைகள் கேட்கிறார்கள். பதிலுக்குப் பழங்கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழி பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே, 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். ‘கால சங்கலித’த்தில் ஜான் வாரன் இதைப் பதிந்துள்ளார். கிரகணத் தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. அவருக்கு விதி தெரியும்; விதியின் காரணம் தெரியாது. பிசகு எங்கே நுழைந்தது என்று கேட்டால் சொல்ல வழியில்லை.

வாக்கிய மரபு மலையாள நாட்டிலும் உண்டு. ஆனால் இங்கே 16-ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் ‘யுக்திபாஷை’ எழுதினார். வட்டத்தின் சுற்றளவுக்கு மாதவர் கண்ட முடிவிலாத் தொடருக்கு, வடமொழியில் அல்ல, மலையாளத்திலேயே படிப்படியாகக் காரணம் சொன்னார். சூத்திரத்தை ஒப்பித்தால் போதாது, ஏன் என்று காட்டணும் என்பதே அந்நூலின் பெருமை.

இனி இன்றைய செய்திக்கு வருவோம். இரண்டுக்கு இரண்டு அணிகளைப் பெருக்க 8 பெருக்கல் வேணும் என்றிருந்ததை 1969-இல் ஸ்ட்ராசன் 7 ஆக்கினார். அதையே அடுக்கினால் நான்குக்கு நான்கு அணிகளுக்கு 49. 2025-இல் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஎவால்வ், கலப்பெண் அணிகளுக்கு 48 போதும் என்று ஒரு முறை கண்டது. ஒன்றுதானே என்று வியாபாரி சொல்லமாட்டான். பெரிய அணிகளில் அந்த ஒன்று அடுக்கடுக்காய்ப் பெருகும். முறை சரிதானா என்று எவரும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனைக்குக் கீழே இறங்கவே முடியாது என்பதை அது நிறுவவில்லை. கோட்பாட்டுக் கணினியியலுக்கு உயிர்நிலை அந்தக் கேள்விதான்.

நிரூபணம் எழுதும் பொறிகளும், எழுதியதை வரிவரியாய்ச் சரிபார்க்கும் பொறிகளும் வந்துவிட்டன. நல்லதே. தேடும் உழைப்பு குறையும். ஆயினும் அந்த நிரூபணத்தைப் படித்து, அடுத்தவருக்கு விளங்கச் சொல்ல ஒரு ஜேஷ்டதேவர் வேணும். சோழி இப்போது மின்னலாய் ஓடுகிறது. ஏன் என்று கேட்கும் பிள்ளைகள் அருகிப்போனால், 52 நிமிடம் பிசகினாலும் நமக்குத் தெரியாது.