அடையாற்றுப் பன்னிரண்டு படுக்கைகள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற நீண்ட சாசனமொன்று, அக்கோயிலைச் சார்ந்து நடந்த ஆதுலர்சாலைக்கு 15 படுக்கைகளையும், அங்கே வைத்தியம் பார்ப்பவர், சல்லியக் கிரியை செய்பவர், மூலிகை கொணர்பவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோருக்குரிய ஜீவிதத்தையும், இரவு எரியவேண்டிய விளக்குக்கு எண்ணெயையும்கூடக் கணக்கிட்டு விதித்திருக்கிறது. தர்மம் செய்தவன் தன் பெயர் சந்திரசூரியர் உள்ளவரை நிற்க வேண்டுமென்று விரும்பினான். ஆகவே நிலத்தை எழுதிவைத்து, அதன் விளைவைக்கொண்டு காரியம் நடக்குமாறு ஏற்பாடு செய்தான். கட்டளை என்று நாம் சொல்வதன் இலக்கணம் அதுவே.

பிற்காலத்துச் சென்னையிலும் அந்த மனப்பான்மை முற்றும் மாறிவிடவில்லை. 1782ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்ததே பின்னர் ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றது. ஆயினும் வடசென்னை ஜனங்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்துவந்தார்கள். ஆண் வைத்தியர்களிடம் முகங்காட்ட விரும்பாத ஸ்திரீகளுக்காக 1885இல் ஏற்பட்ட கோஷா ஆஸ்பத்திரிக்கும் செல்வந்தர் உதவினர். பசித்தவன் உண்டு எழுவதையும், பிள்ளை பெற்றவள் குழந்தையோடு வீடு திரும்புவதையும் கொடுத்தவன் தன் கண்ணாலே காணலாம். புற்றுநோய்க்காகக் கொடுப்பவனுக்கோ அந்த ஆறுதல் இல்லை. பிழைக்கமாட்டார் என்று ஊரே தீர்மானித்துவிட்ட ஒருவருக்குப் பொருள் கொடுப்பது, புண்ணியத்தைக் கருதிக் கொடுப்பவனுக்கும், பயனைக் கருதிக் கொடுப்பவனுக்கும் ஒருங்கே மனங்கொள்ளாத செயலாயிருந்தது.

அப்படியானால் இந்நோய்க்கு முதலில் கொடுத்தவர் யார்? சரித்திரத்தைப் பார்த்தால், பெரும்பாலும் தம் வீட்டில் இந்நோயால் ஒருவரைப் பறிகொடுத்தவர்களே. லண்டனில் வில்லியம் மார்ஸ்டன் என்ற வைத்தியர், தம் மனைவி 1846இல் புற்றுநோயால் இறந்தபின், 1851இல் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்தார். பம்பாயில் ஸர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் மாண்டார். மறுவருஷம் தோராப்ஜியும் மறைய, அவர் விட்டுச்சென்ற தர்ம நிதியைக் கொண்டு 1941 பிப்ரவரியில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. சென்னையின் கதையும் ஒரு மரணத்திலிருந்தே தொடங்குகிறது. ஆனால் இங்கே துக்கம் இருந்தது, டாட்டாவின் பெட்டி இல்லை.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, 1923இல் புற்றுநோய்க்கு இரையானார். சீதபேதி என்று முதலில் எண்ணி வைத்தியம் செய்யப்பட்டு, உண்மை நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வைத்தியம் கற்ற தமக்கை பக்கத்தில் இருந்தும் தடுக்க முடியாத அந்தச் சாவு அவர் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை. இரண்டு வருஷங்களில் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர், மார்ஸ்டன் ஏற்படுத்திய அந்த ஆஸ்பத்திரியைக் கண்டார். சட்டசபையில் பணியாற்றியதும், அவ்வை இல்லத்தை நிறுவியதும் உலகறிந்தவை. அவற்றினிடையே இந்த எண்ணத்தையும் அவர் வளர்த்துவந்தார். 1935இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று பகிரங்கமாக அறிவித்தார். அறிவிப்பிலிருந்து ஆஸ்பத்திரி வர இன்னும் 19 வருஷங்கள் சென்றன.

உதவிக்கு வந்தது அரசாங்கமன்று. புற்றுநோயாளிகள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அக்காலத்து மந்திரி ஒருவர் கேட்டாராம். கல்மனத்தால் எழுந்த கேள்வியென்று அதை நான் நினைக்கவில்லை. கட்டளை எழுதிவைத்த முன்னோர் மனத்தில் இருந்த கணக்கைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம், 1949இல் புற்றுநோய் நிவாரண நிதியொன்றை ஏற்படுத்திப் பொதுமக்களிடம் கையேந்தியது. 1952 அக்டோபர் 10ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல்லை நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி 12 படுக்கைகளோடு வைத்தியம் ஆரம்பமாயிற்று. திருமுக்கூடலைவிட மூன்று படுக்கை குறைவு!

முத்துலட்சுமி ரெட்டியின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைத்த உத்தியோகத்தை வேண்டாமென்று விட்டு 1955இல் அடையாறு வளாகத்துக்கே குடிவந்த டாக்டர் சாந்தாவும் அந்தச் சிறு கட்டடத்தை ஸ்தாபனமாக ஆக்கினார்கள். சாந்தா சில வருஷங்கள் சம்பளமின்றி உழைத்தார். பிறகு அவருக்குத் தரப்பட்டது மாதம் 200 ரூபாயும் இருக்க ஓர் இடமும். நன்கொடைப் பேரேடுகளில் ரூபாய் அணா பைசா எல்லாம் ஏறும். வைத்தியர் வேண்டாமென்று விட்ட சம்பளம் ஏறுவதில்லை. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால், அந்நிதிக்கு மிகப் பெருந்தொகை கொடுத்தவர் யாரென்பது விளங்கும்.

மார்பகப் புற்றுநோய் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. மார்பில் தட்டுப்பட்ட கட்டியை, வலி இல்லாததாலும் வெளியே சொல்ல வெட்கமாக இருப்பதாலும், புண்ணாகும்வரை புடவைத் தலைப்பில் மறைத்து வைத்திருந்து, இனி மறைக்க முடியாதென்ற நிலையில் வந்த ஸ்திரீகள் அநேகர். 1980களின் தொடக்கத்தில் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு எழுதப்படலானபோது பெண்களிடையே முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இருந்தது. இந்த நூற்றாண்டில் அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. இதன் சிகிச்சையோ ஒரு நாளில் முடிவதன்று. அறுவை சிகிச்சை ஒன்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து பல தடவை. ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு, வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம். பலருக்கு ஐந்து வருஷமோ அதற்கு மேலோ மாத்திரை. வெளியூரிலிருந்து வரும் கூலிக்காரப் பெண்ணுக்கு மருந்தை மட்டும் இலவசமாக்கிவிட்டால் போதாது. தங்க இடமும், சாப்பாடும், திரும்பத் திரும்ப வரப் பஸ் சார்ஜும் இல்லையென்றால், பாதிச் சிகிச்சையோடு அவள் ஊர் திரும்பிவிடுவாள். பாதிச் சிகிச்சைக்குச் செலவான பணமும் வீணாகும்.

இந்த உண்மையைக் கொண்டே அமெரிக்காவில் வேறொரு முறை வளர்ந்தது. அங்கேயும் காரணம் ஒரு சகோதரியின் மரணம்தான். இல்லினாய்ஸ் மாகாணத்துப் பியோரியா நகரைச் சேர்ந்த சூசன் கோமன் என்பவர் 1980இல், 36ஆம் வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருக்குக் கொடுத்த வாக்கை முன்னிட்டு அவர் தங்கை நான்சி பிரிங்கர் 1982இல் டாலஸ் நகரில் ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். மறுவருஷம் அங்கே நடத்தப்பட்ட ஓட்டப் போட்டி பிற ஊர்களுக்கும் பரவிற்று. ஊர்தோறும் அமைந்த கிளைகள் திரட்டிய தொகையில் முக்கால் பங்கு வரை அவ்வவ்வூரிலேயே பரிசோதனைக்கும், நோயாளிகளின் போக்குவரத்துக்கும், அறிவூட்டும் பணிக்கும் மானியமாக வழங்கப்பட்டது. எஞ்சியது ஆராய்ச்சிக்குச் சென்றது. இந்நோயின் விழிப்புணர்வுச் சின்னமான இளஞ்சிவப்பு நாடாவை வியாபாரிகள் தங்கள் சரக்குக்கெல்லாம் கட்டி விற்றதைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயமில்லை. ஊரில் திரண்ட பணம் ஊராருக்கே பயன்படவேண்டுமென்ற விதி மட்டும் மெச்சத்தக்கது.

நம் நாட்டில் செலவின் சுமை இப்போது இடம் மாறியிருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுஸுமாப் என்னும் ஊசி, குறிப்பிட்ட வகை மார்பகப் புற்றுநோய்க்கு மிக்க பலன் தருவது. சாதாரணக் குடும்பம் எட்ட முடியாத விலையில் நெடுங்காலம் விற்றது. படுக்கைக்குக் கட்டளை வைத்த காலம் போய், ஒரு பெண்ணின் ஊசிக்குப் பணம் திரட்டும் காலம் வந்தது. 2009இல் தமிழக அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் ஏழைகளுக்குப் பெரிதும் கைகொடுத்தது. சிகிச்சைக்காகப் பிரயாணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை. அவரோடு வரும் ஒருவருக்கும் சலுகை உண்டு. துணைக்கு வருபவளைக் கணக்கில் சேர்த்த உதவிகள் மிகச் சில. கரண்ட் வைக்கும் வாரங்களெல்லாம் தங்கையோ மகளோ நாத்தனாரோ வாசலில் காத்திருக்கிறாள்; அவள் இழந்த கூலிக்கு, நானறிந்தவரை, இன்னும் எவரும் கட்டளை எழுதிவைக்கவில்லை.