காலை உணவில் காப்பியும் பழரசமும்

காலை உணவின்போது காப்பியையும் ஆரஞ்சுப் பழரசத்தையும் ஒருங்கே அருந்தலாமா என்ற ஐயம் பல இல்லங்களில் எழுவதுண்டு. பழத்தின் புளிப்பு காப்பியிலுள்ள பாலைத் திரித்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். பால் எப்படியும் இரைப்பையின் அமிலத்தால் திரிந்தே செரிக்கிறது. ஆதலின் அவ்வச்சம் வேண்டுவதில்லை. கருதத்தக்க விஷயம் வேறொன்று உண்டு. அதனை அறிய, இவ்விரு பானங்களும் உணவு மேசைக்கு வந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

காப்பி, 15-ஆம் நூற்றாண்டில் யேமன் நாட்டுச் சூஃபி அடியார்கள் இரவு வழிபாட்டில் உறக்கம் நீங்குவதற்காக அருந்திய பானம். ஆரஞ்சும் எலுமிச்சையுமோ மருந்தாகவே புகழ்பெற்றன. நெடும்பயணம் சென்ற மாலுமிகளை, ஈறுகள் வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய் வாட்டி வந்தது. 1747-ஆம் ஆண்டில் ‘சாலிஸ்பரி’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகளை அளித்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். எனினும், ஆங்கிலக் கப்பற்படை எலுமிச்சைச் சாற்றைப் பொதுவாக வழங்கத் தொடங்கியது 1795-ஆம் ஆண்டில்தான்.

அச்சாற்றின் குணத்திற்குக் காரணமான ‘சி’ வைட்டமினை ஆராய்ந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937-இல் நோபல் பரிசு பெற்றார். 1940-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆரஞ்சுச் சாற்றைச் செறிவாக்கி உறையவைக்கும் முறை உருவாயிற்று. அதன்பின் காப்பிக்கு அருகில் பழரசக் குவளையும் அந்நாட்டுக் காலை உணவில் நிலைபெற்றது.

இவ்விரண்டும் உடலில் ஒன்றுக்கொன்று எதிரான வேலையைச் செய்கின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைக் காப்பியின் துவர்ப்புப் பொருள்கள் பற்றிக்கொண்டு, குடல் அதனை ஏற்காதவாறு தடுக்கின்றன. ‘சி’ வைட்டமினோ அச்சத்து எளிதில் உட்செல்லத் துணைபுரிகிறது. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பியோடு உண்ட ரொட்டி உணவுடன் ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றையும் சேர்த்தபோது, உடல் ஏற்ற இரும்பின் அளவு சுமார் இரண்டரை மடங்காயிற்று. 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வோ, உணவுடன் அருந்திய ஒரு கோப்பைக் காப்பி அவ்வளவை நூற்றுக்கு 39 பங்கு குறைத்ததெனக் காட்டிற்று. உண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்தியபோதும் அதே குறைவு ஏற்பட்டது. ஒரு மணி நேரம் முன்னதாக அருந்தியபோது குறைவில்லை.

நம் நாட்டிற்கு இது சிறு விஷயமன்று. 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றிருந்தனர். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் தேநீரையும் காப்பியையும் தவிர்க்குமாறு ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் அறிவுறுத்தியது.

ஆகவே காப்பியும் பழரசமும் சேர்ந்தால் நஞ்சாவதில்லை. காப்பியால் நேரும் இழப்பைப் பழரசம் ஓரளவு ஈடுசெய்கிறது. வெறும் வயிற்றில் இவற்றை அருந்தினால் நெஞ்செரிச்சல் காண்போர் மட்டும் விலக்குதல் நன்று. விலையுயர்ந்த பழரசந்தான் வேண்டுமென்பதில்லை. கொய்யாவும் நெல்லிக்கனியும் உணவின்மேல் பிழிந்த எலுமிச்சையும் அப்பணியைச் செய்யும். சோகையுற்ற பெண்கள் காப்பியைச் சிற்றுண்டியினின்று விலக்கி வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளட்டும். லிண்ட் கண்ட உண்மை கப்பலின் உணவறையை அடைய 48 ஆண்டுகள் சென்றன. இவ்வுண்மை நம் சமையலறையை அடைய அத்துணைக் காலம் வேண்டுவதில்லை.