அழிக்காமல் குடியேறிய இரண்டாம் இயங்குதளம்

2009ஆம் ஆண்டில் என் மாணவன் ஒருவனின் தந்தை பழைய கணினி ஒன்றைப் பள்ளிக்குத் தூக்கி வந்தார். அதன் குறுவட்டு இயக்கி பழுதடைந்திருந்தது. விரலியிலிருந்து தொடங்கும் வசதியும் அதில் இல்லை. விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸையும் நிறுவ வேண்டும் என்பது மகனின் ஆசை. தந்தையோ, “சார், குடும்பப் படமெல்லாம் இதுலதான் இருக்கு. அழிஞ்சிடாதே?” என்றார். அந்த அச்சத்திற்கு விடை தேடியோரின் வரலாறே இக்கட்டுரை.

பொதுவாக இரண்டாம் இயங்குதளத்திற்கு வன்தட்டில் தனிப் பகுதி ஒதுக்க வேண்டும். நிறுவலைத் தொடங்க ஒரு வெளிவட்டும் வேண்டும். ஒதுக்கும்போது கை தவறினால் பழைய கோப்புகள் பறிபோகும்.

இவ்விரண்டையும் தவிர்க்கும் வழி 1990களிலேயே பிறந்தது. ஹான்ஸ் லெர்மன் எழுதிய லோட்லின் என்னும் நிரல், டாஸிலிருந்தே லினக்ஸைத் தொடங்கிவைத்தது. அக்காலத்து யூஎம்எஸ்டாஸ், லினக்ஸ் கோப்புகளை டாஸ் பகுதியிலேயே வைக்க வழிசெய்தது. டாஸில் கோப்பின் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்து என்பதே எல்லை. ஆகவே நீண்ட பெயர்களை ஒவ்வோர் அடைவிலும் ஒரு தனிக் கோப்பில் அது குறித்துவைத்தது.

2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 உடன் வுபி வந்தது. இது விண்டோஸில் இயங்கும் சாதாரண நிறுவி. வேண்டியவற்றை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளும். வன்தட்டைப் பிரிக்காமல், விண்டோஸ் பகுதிக்குள் ஒரு பெரிய கோப்பை உருவாக்கும்; அக்கோப்பையே உபுண்டு தன் வட்டாகக் கருதும். கணினியைத் தொடங்கும்போது எது வேண்டும் எனத் தேர்ந்தெடுக்கலாம். பிடிக்காவிட்டால் மற்ற மென்பொருள்களைப் போலவே நீக்கிவிடலாம்.

படங்களைப் படியெடுத்து வைத்தபின் இவ்வழியிலேயே நிறுவினோம். மாலையில் தந்தை முதலில் திறந்து பார்த்தது படங்களைத்தான். மகன் பார்த்தது உபுண்டுவை. இருவர் முகமும் மலர்ந்தது.

எனினும் வுபிக்குக் குறைகள் உண்டு. எல்லாம் ஒரே கோப்பில் அடங்குவதால், திடீர் மின்தடையில் அது கெடும் வாய்ப்பு அதிகம். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 கணினிகளின் புதிய தொடக்க முறைக்கும் அது பொருந்தவில்லை. 2013 ஏப்ரலில் வந்த உபுண்டு 13.04 வுபியைக் கைவிட்டது. ஆயினும் அந்தத் தேவை மறையவில்லை. 2016இல் விண்டோஸ் 10, லினக்ஸ் நிரல்களைத் தன்னுள்ளேயே இயக்கும் வசதியைப் பெற்றது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளைகள் புதியதைத் தொட அஞ்சுவது பெரும்பாலும் அறியாமையால் அன்று. இருப்பது கெட்டுவிடுமோ என்னும் கவலையால்தான். முதலில் படியெடுத்து வைக்கக் கற்றுக்கொடுப்போம். பிறகு துணிந்து தொடவிடுவோம்.